கணக்கில் வராத காற்று

மோட்டார் வண்டியைப் பற்றி எழுதக் கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு என்ன தகுதி உண்டு என வாசகர் வினவலாம். தகுதி எதுவுமில்லை; ஒரு கடன் மட்டும் உண்டு.

2022 ஆம் ஆண்டின் பிற்பகுதி. காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் எனப் பங்கீடு செய்யப்பட்ட காலம். யாழ்ப்பாணத்தில் அப்பா வாடகைக்கு ஓட்டிய பழைய ஜப்பானியக் காரே எங்கள் வீட்டு அடுப்பை எரியவைத்தது. காற்று தடையின்றி உட்சென்றால் பெற்றோல் மிச்சமாகும் என எவரோ கூறக் கேட்ட தம்பி, தான் சேர்த்த பணத்தில் கூம்பு வடிவான காற்று வடியொன்றையும் அதற்குரிய உலோகக் குழாயையும் வாங்கி வந்தான். அன்றிரவு மின்வெட்டு. நான் ரோச் பிடிக்க, அவன் பழைய வடிப்பெட்டியைக் கழற்றிப் புதியதைப் பூட்டினான். குழாய் இயந்திரத்தின் வாயிலைச் சேரும் இடத்தில் ஒரு கிளிப் மட்டும் எஞ்சியது. “அண்ணா, இதை நீ இறுக்கிவிடு” என்று கூறிவிட்டுக் கை கழுவச் சென்றான். அவ்வேளை மின்சாரம் வந்தது. நான் திருப்புளியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் இயந்திர வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தது. “ஓடித் திரிஞ்ச வாகனத்தைக் கெடுத்துப்போட்டியே!” என்றார் அப்பா. பரீட்சை முடிந்ததும் தொழில் பழகக் கராஜ் ஒன்றில் சேர எண்ணியிருந்த தம்பியுடன் அவர் ஒரு வாரம் பேசவில்லை.

மெக்கானிக் அண்ணையின் கருவி பி 0171 எனக் காட்டியது. கலவையிற் காற்று மிகுந்து பெற்றோல் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். ஒரு கிராம் பெற்றோல் செம்மையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். உட்செல்லும் காற்றைச் சூடான நுண்கம்பியொன்று அளக்கின்றது; வெளியேறும் புகையில் எஞ்சிய ஒட்சிசனை வேறோர் உணரி அறிகின்றது. இரண்டும் முரண்பட்டால் வண்டியின் கணினி பெற்றோலைக் கூட்டிச் சரிசெய்ய முயலும். அத்திருத்தம் எல்லை மீறும்போதே விளக்கு எரியும். ஆகவே, விளக்கு குற்றவாளியைக் காட்டுவதில்லை. சாட்சியங்கள் ஒவ்வவில்லை என்று மட்டுமே சொல்கின்றது.

வடியிற் பூசிய எண்ணெய் நுண்கம்பியிற் படிந்திருக்கலாம் என அண்ணை ஐயுற்றார். கம்பியைத் துடைத்து, பதிவை அழித்தார். இரண்டு நாளில் விளக்கு மீண்டும் எரிந்தது.

இம்முறை தம்பி கருவியைக் கேட்டு வாங்கினான். வண்டி நின்றபடி மெதுவாக இயங்குகையில் திருத்தம் 20 சதவீதத்தைக் கடந்து நின்றது. நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு உயர்த்தியதும் வெகுவாகக் குறைந்தது. “கம்பியிலை அழுக்கெண்டால் வேகம் கூடக் கூடப் பிழையும் கூடவேணும். இது குறையுது. அளக்கிற இடத்துக்கு அங்காலை எங்கையோ காத்துப் போகுது” என்றான். மெதுவாக இயங்கும் இயந்திரம் இழுக்கும் காற்று சொற்பம். ஆதலால் சிறு கசிவும் அதிற் பெரும்பங்காகிவிடும். அவன் குழாய் வழியே விரலை நகர்த்திச் சென்றான். வாயிலிலிருந்த கிளிப் தளர்ந்து சுழன்றது.

“இதை ஆர் இறுக்கினது?” என்று அண்ணை கேட்டார். அப்பாவும் அருகே நின்றார். தம்பி என்னைப் பாராமலே, “நான்தான்” என்றான். நான் வாய் திறக்கவில்லை.

கிளிப்பை இறுக்கிய பின் அந்த விளக்கு எரியவில்லை. பெற்றோலும் மிச்சமாகவில்லை, வந்த காற்றுக்கு ஏற்பக் கணினி பெற்றோலை அளந்து கொடுக்கையில் எவ்வாறு மிச்சமாகும்? சில வாரங்களில் தம்பி பழைய வடிப்பெட்டியையே மீண்டும் பூட்டினான். அவன் இப்போது அதே கராஜில் வேலை செய்கின்றான். எனினும், புதிதாக எதையாவது கழற்ற முனைந்தால், “கிளிப்பை இறுக்க மறவாதே” என அப்பா இன்றும் அவனுக்கு நினைவூட்டுகின்றார். அவன் சிரித்துக்கொண்டு தலையசைக்கின்றான்.

இவ்விதழ் வெளிவந்ததும் ஒரு பிரதியை அப்பாவின் கையிற் கொடுக்க எண்ணியுள்ளேன்.