நாற்பது வேலி

மோட்ஸார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' ஆபராவை முதல்முறை முழுசாகப் பார்த்தது ஒரு ரிலீஸ் இரவில். சர்வரில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. முடியும்வரை முழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. இன்னொரு திரையில் யூடியூபைப் போட்டேன். இத்தாலிய மொழி தெரியாது, சப்டைட்டில் துணை. கடைசிக் காட்சியில் பிரபு எல்லோர் முன்னாலும் மண்டியிட்டுத் தன் மனைவியிடம் மன்னிப்பு கேட்கிறான். அதுவரை ஓடிக்கொண்டிருந்த இசை அங்கே நின்று நிதானமாகிறது. வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குத் தொண்டையை அடைத்தது. ஆனால் நினைவுக்கு வந்தது வியன்னா இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்த் திண்ணை, தாத்தா, அவருடைய ரேடியோ, அதில் நந்தனார்.

காவிரி டெல்டாவுக்கென்று ஓர் ஆபரா இருக்குமானால் அது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைதான். நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்து, மாயவரத்துக்கு அருகே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர் பாரதி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதினார். பாத்திரங்கள் பாட்டிலேயே கெஞ்சுகிறார்கள், பாட்டிலேயே திட்டுகிறார்கள், பாட்டிலேயே அழுகிறார்கள். ஒரே வித்தியாசம், மேடையில் நிற்பது ஒரே ஆள். கதாகாலட்சேபத்தில் ஆண்டைக்கும் பண்ணையாளுக்கும் சேர்த்து ஒரு பாகவதர்தான் பாடுவார்.

இந்த ஆண்டை பாரதியின் கற்பனை. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அப்படி ஒருவர் கிடையாது. அங்கே ஆதனூர் நந்தன் தன் பிறப்பை நினைத்துத் தயங்கி, நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தானே தள்ளிப்போடுகிறார். பாரதி நெல் விளையும் ஊரில் உட்கார்ந்து அந்தக் கதையைப் படித்திருக்கிறார். சேரியில் இருக்கும் ஒருவன் மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக ஆசைப்பட்டால் அவனைத் தடுப்பது வெறும் தயக்கமாகவா இருக்கும்? லீவு யார் கொடுப்பது? அதனால் ஒரு வேதியரை நிலச்சொந்தக்காரராகக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர முதலில் தயங்கியதையும், பாட்டைக் கேட்டபின் மனம் இளகியதையும் உ.வே.சா. எழுதியிருக்கிறார்.

ஃபிகாரோ கதையும் இதே அமைப்புதான். வேலைக்காரனுக்குக் கல்யாணம், குறுக்கே எஜமானன். போமார்ஷேயின் மூல நாடகத்தை வியன்னாவில் மேடையேற்ற மன்னர் இரண்டாம் ஜோசப் அனுமதிக்கவில்லை. கவிஞர் தா போன்தே அதில் காரமான அரசியல் பேச்சை வெட்டி ஆபராவாக்கினார், 1786 மே 1 அன்று அது அரங்கேறியது. வெட்டிய காரத்தை மோட்ஸார்ட் வேறு வழியில் உள்ளே கொண்டுவந்தார். முதல் அங்கத்தில் ஃபிகாரோ பிரபுவைக் கேலி செய்யும் பாட்டு, பிரபுக்கள் ஆடும் மினுயெட் நடையிலேயே இருக்கும். உன் ஆட்டத்தை எனக்கும் ஆடத் தெரியும் என்பதுபோல.

நந்தனுக்கு அந்தக் கேலி இல்லை. கேலி, வசவு எல்லாம் வேதியர் பக்கம். நந்தனுக்குக் கிடைத்தது மாஞ்சி ராகத்தில் 'வருகலாமோ'. உள்ளே வரலாமா என்று அவன் அனுமதி கேட்கிற பாட்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதைக் கேட்டு அழுதவர்களில் நிலம் வைத்திருந்தவர்களும் நிறையப் பேர். என் தாத்தாவும் ஒருவர்.

தாத்தாவுக்கு ஒண்ணரை வேலி நிலம். மிராசு என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஆள் வைத்து வேலை வாங்குகிற வீடு. வயலைப் பார்த்துக்கொண்டவர் என் அப்பாவைவிட மூத்தவர். நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஆறேழு வயதில், எனக்கு அதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவர் கொல்லைப்பக்கம் வந்து நின்றார்.

"வேளாங்கண்ணிக்கு ஒரு நாலு நாள் போய்ட்டு வரட்டுங்களா ஐயா?"

"குறுவை அறுப்பு முடியட்டும்டா. அப்புறம் பாக்கலாம்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். தாத்தா கெட்டவர் இல்லை. குரலில் கோபம்கூட இல்லை. பிறகு திண்ணைக்கு வந்து ரேடியோவைத் திருகினார். அது அதே வாரமா, வேறொரு நாளா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, என் நினைவில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தண்டபாணி தேசிகர் குரலில் நந்தனார் பாட்டு. தாத்தா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாரதியின் கதையில் வேதியர் போடும் நிபந்தனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாற்பது வேலி நிலத்தில் வேலையை முடித்துவிட்டு சிதம்பரம் போ. நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். எந்த மேனேஜரும் தந்திராத டெட்லைன். சிவபெருமானின் பூதகணங்கள் ஒரே இரவில் வேலையை முடிக்கின்றன. விடிந்ததும் முற்றிய கதிரைப் பார்த்த வேதியர் நந்தன் காலில் விழுகிறார். நம்முடைய மண்டியிடும் காட்சி அதுதான்.

அந்த ரிலீஸ் இரவில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த அற்புதத்தில் லாபம் யாருக்கு? கூலியில்லாமல், ஆளில்லாமல், ஒரே இரவில் 260 ஏக்கர். நிலம் வைத்திருக்கும் யாரும் காணக்கூடிய கனவு அது. நந்தனுக்குக் கிடைத்தது லீவு மட்டும். 'அறுப்பு முடியட்டும்' என்ற தாத்தாவின் பேச்சும் வேதியரின் நிபந்தனையும் ஒன்றே. ஆனால் எங்கள் ஒண்ணரை வேலிக்குப் பூதம் எதுவும் வரவில்லை.

பாரதி பிறந்த அதே நாகை வட்டாரத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதுவும் மார்கழி. அவர்கள் லீவு கேட்கவில்லை, கூலியை உயர்த்திக் கேட்டார்கள். குற்றம்சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். யாரும் யார் காலிலும் விழவில்லை.

இதனால் பாரதியின் பாட்டு பொய்யாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேக்கிழார் சொல்லாத ஆண்டையைப் பெயரிட்டுச் சொன்னதே பெரிய காரியம். 'வருகலாமோ' இன்றும் என்னைக் கலங்க வைக்கிறது. ஆனால் அழுகை வந்தவுடன் காரியம் முடிந்துவிட்டதாக நினைப்பதில்தான் தாத்தா தவறினார், நானும் தவறுகிறேன். போன வருடம் வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கத்தில் திருப்புன்கூருக்குப் போனேன். வெளியே நின்ற நந்தனுக்காக விலகிய நந்தி அங்கே இன்னும் ஒதுங்கித்தான் இருக்கிறது. பார்க்க வழி கிடைத்தது. அவன் நின்ற இடம் மாறவில்லை.

அந்தப் பயணத்துக்கு நான் லீவு கேட்டது ஆபீஸ் ஆப்பில். ஒரு நிமிஷத்தில் பச்சை டிக் வந்தது. எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டவர், தாத்தா போன இரண்டு வருடத்தில் போய்விட்டார். அவர் வேளாங்கண்ணி போனாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை.