அம்மாவின் மக்ரூனும் என் ஒளியியலும்

"மலருக்கு ஏதேனும் எழுதித் தா" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "இயற்பியல் படிப்பவளிடம் என்ன இலக்கியத்தை எதிர்பார்க்கிறீர்கள்?" என்று தப்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. ஆகவே, அன்பர்களே, எங்கள் வீட்டு அடுக்களையைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்தருள்க.

கிழக்கு தில்லியில் மூன்றாம் மாடி வீடு எங்களுடையது. அடுக்களைக்கு ஒரே சன்னல். திறந்தால் வானம் தெரியாது. நாலு முழத் தொலைவில் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். அதற்குப் பச்சை வண்ணம். எவர் தேர்ந்தெடுத்த பச்சையோ, பாசி பிடித்த குளத்தை நினைவூட்டும். இந்த அடுக்களையிலேதான் அம்மா தூத்துக்குடி மக்ரூன் செய்கிறார்.

முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு: மூன்றே சரக்கு. வெள்ளைக்கருவை நுரை கட்டி நிற்கும் வரை அடிக்க வேண்டும். சர்க்கரையும் முந்திரித் தூளும் கலந்து, கூம்பாகப் பிழிந்து, ஓவனில் இளஞ்சூட்டிலே நெடுநேரம் உலரவிட வேண்டும். கடித்தால் நொறுங்கும், நாவில் பட்டதும் கரையும். "காற்றை விலைக்கு விற்கிறாள் உன் அம்மா" என்று அப்பா கேலி செய்வார். அவர் வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்ட பிறகு, அந்தக் காற்றுதான் வீட்டு வாடகையில் ஒரு பகுதியைக் கொடுக்கிறது. ஆகையால் கேலி வரவரக் குறைந்துவிட்டது.

விற்பனை எல்லாம் வாட்ஸப்பில். படம் எடுப்பது என் பொறுப்பு. ஒளியியல் படித்தவளுக்கு இது ஒரு வேலையா என்றுதான் தொடங்கினேன்.

முதல் படத்தில் மக்ரூன் மஞ்சளாக வந்தது. குண்டு பல்பின் ஒளி ஏறக்குறைய 2,700 கெல்வின்; நண்பகல் வெயில் 5,500. நம் கண் இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டி, வெள்ளையை வெள்ளை என்றே சாதிக்கும். கேமராவுக்கு அவ்வளவு பிடிவாதம் கிடையாது. விளக்கை அணைத்தேன், மக்ரூன் பச்சையாயிற்று! வந்தது வானத்து ஒளியன்று, அடுத்த வீட்டுச் சுவரில் பட்டுத் தெறித்த ஒளி. இரண்டையும் சேர்த்தால் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பச்சை. போதாக்குறைக்கு ஒளிமானி வேறு. எதிரே இருப்பது எதுவானாலும், பட்ட ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது எண்ணிக்கொள்ளும். வெள்ளைத் தட்டில் வெள்ளைப் பண்டத்தை வைத்தால் அதையும் சாம்பலாக்கிவிடும்.

எனக்குப் பொறுமை போயிற்று. கைபேசியிலேயே படத்தைத் தேய்த்துத் தேய்த்து வெளுத்தேன். பால் வெள்ளை! பின்னாலிருந்த அடுப்பையும் எண்ணெய் படிந்த சுவரையும் வெட்டி எறிந்தேன். சென்ற டிசம்பரில் ஆர்டர்கள் குவிந்தன.

பிறகு ஒரு பெட்டி திரும்பி வந்தது. "படத்தில் வெள்ளை, பெட்டியில் பழுப்பு. பழைய சரக்கா?" என்று கேட்டிருந்தார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதன்முறையாக என் படத்தை ஊன்றிப் பார்த்தார்.

"ஏட்டி, இது நான் சுட்டதா? சுண்ணாம்புக் கட்டி மாதிரில்லா இருக்கு! அடியில லேசா செவக்கணும். செவக்கலைன்னா வேகலைன்னு அர்த்தம். அதப் போயி அழிச்சிட்டியே."

நான் தலை குனிந்து நின்றேன். அவர் மீண்டும் படத்தைப் பார்த்தார். "பின்னால நம்ம அடுப்பு எங்க?" என்றார். அதற்கு என்னிடம் விடை இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. அந்தப் படங்களை என் வகுப்புத் தோழிகளும் பார்க்கிறார்களே!

மறுநாள் விளக்கை அணைத்துவிட்டுச் சன்னல் ஒளியை மட்டும் வைத்துக்கொண்டேன். தட்டு இருக்கும் இடத்தில் முதலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பச்சை விலகியது. பெட்டியில் வந்த தெர்மகோல் அட்டையொன்றை நிழல் பக்கம் நிறுத்தினேன். வெளிச்சத்தைச் சற்றே கூட்டினேன். கூம்பின் அடியில் அம்மா சொன்ன அந்தச் சிவப்பு தெரிந்தது. அடுப்பும் தெரிந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "தட்டைத் தொடச்சிருக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

ஆர்டர் டிசம்பரைவிடக் குறைவு. பண்டிகை முடிந்துவிட்டது என்கிறார் அம்மா. படம் அழகாயில்லை என்கிறார் அப்பா.

அடுத்த வீட்டுக்காரர் சுவருக்குப் புது வண்ணம் பூசப்போகிறாராம். என்ன நிறமென்று கேட்டு வரும்படி அம்மா என்னை அனுப்பினார். ரோஜா நிறமாம்.