காலையில் புளிக்கும் இலை

பெஞ்சமின் ஹைன் ஐயா அவர்களுக்கு,

நீங்கள் 1819இல் சென்னையிலேயே காலமாகிவிட்டீர்கள். தபாலில் போட வழியில்லை என்பதால் ஊரறியத் திறந்தே எழுதுகிறேன், அந்தமானின் பாம்பூஃப்ளாட்டிலிருந்து. சாத்தம் துறையில் படகேறினால் எதிர்க்கரை எங்கள் ஊர்தான்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோரம் ரணகள்ளி புதராக மண்டிக் கிடக்கிறது. அம்மா கல்யாணமாகிச் சென்னையில் கப்பலேறியபோது ஒரேயோர் இலையை நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு வாரம் கழித்து நோட்டைத் திறந்தால், இலை விளிம்பு நெடுகக் குட்டிச் செடிகள்! ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. பெயரா, செய்முறையா என்று இன்றும் எனக்குச் சந்தேகம். விளிம்புப் பள்ளங்களில் மொட்டுகள் முன்பே உறங்கிக்கொண்டிருக்கும். தாய்ச்செடியை விட்டு இலை பிரிந்தால் விழித்துக்கொள்ளும். மண்கூட வேண்டாம், இலையிலுள்ள சத்தும் நீருமே அவற்றுக்குச் சோறும் தண்ணீரும்.

இதெல்லாம் அம்மாவுக்கே தெரியும். நீங்கள் சொல்லித் தெரிந்தது வேறு. தரங்கம்பாடிக்குச் சமயப்பணிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான நீங்கள், இந்த இலையை மென்று பார்த்திருக்கிறீர்கள். காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று எழுதிய உங்கள் கடிதம் 1815இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் வந்தது. கருவி ஏதுமில்லை, நாக்கு மட்டும்தான். அந்த நாக்குக்குத்தான் ஐயா இந்த நன்றி.

காரணம் பின்னால் விளங்கியது. பகல் வெயிலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும். அதனால் இச்செடி இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக்கிச் சேர்த்துவைக்கிறது. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேர்த்ததைப் பிரித்து வெளிச்சத்தில் சர்க்கரை சமைக்கிறது. புளிப்பு அப்படித்தான் கரைகிறது. அந்தமானில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாங்களும் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் டிரம்மில் பிடித்துவைத்து, மற்ற நேரமெல்லாம் சொம்பு சொம்பாகச் செலவழிப்போம். பாடப்புத்தகம் இப்படிச் சொல்லியிருந்தால் பள்ளியிலேயே புரிந்திருக்கும்.

கேனரி எரிமலைத் தீவுகளில் பிறந்த ஏயோனியம் என்ற செடியும் இதே குடும்பம், அதன் இனங்கள் பலவற்றுக்கும் இதே சிக்கனம். ரணகள்ளிக்குப் பூர்வீகம் மடகாஸ்கர். ஆனால் எரிமலைத் தீவுகளான ஹவாயிலும் கலாபகோசிலும் புகுந்து அங்குள்ள செடிகளை நெருக்குகிறது. அங்கே இதற்கு யாரும் நன்றி மடல் எழுதமாட்டார்கள். எங்களுக்கும் பாரன் தீவு என்றொரு எரிமலை உண்டு. அங்கே யாரும் இந்த இலையைக் கொண்டுபோகாதிருக்கட்டும்.

ஒரு சந்தேகம். நேற்று அதிகாலை ஒரு துணுக்கை நாக்கில் வைத்துத் துப்பினேன், புளியேதான். (இதைத் தின்னும் ஆடுமாடுகளுக்கு நஞ்சு ஏறும், அதனால் விழுங்கவில்லை.) மதியம் சப்பென்று இருந்தது. மாலையில் எனக்குக் கசப்பே தெரியவில்லை. இதைப் பாத்தர்குச்சி என்று சொல்லும் பக்கத்துவீட்டு வங்காளி அண்ணியோ, “நன்றாகவே கசக்கிறதே” என்கிறார். நாளை சாயங்காலம் இருவரும் மறுபடி பார்க்கிறோம்.

இப்படிக்கு,
பாம்பூஃப்ளாட்காரி ஒருத்தி