சேனலைப் பிடித்தேன், வயரை விட்டேன்

2017 தொடக்கத்தில் என் தம்பி என்னிடம் கேட்டது அதிகமில்லை. ஓ.எல்.டி. என்கிற பெட்டி ஒன்று, ஃபைபரை ஒட்டவைக்கும் ஸ்பிளைசிங் மெஷின் ஒன்று, ஊரின் கிழக்கே நாலு தெருவுக்கு இழுக்கத் தேவையான கேபிள். பணம் இருந்தது. அப்பாவும் சம்மதித்துவிட்டார். வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். அதை எழுதிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைக்கிறேன், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

எங்களுக்குச் சங்கரன்கோவில். எண்பதுகளில் அப்பா வீடியோ கடை வைத்திருந்தார். அப்போது எங்கள் பக்கத்தில் டி.வி. வாங்கியவர்கள் மொட்டைமாடியில் உயரமாகக் குழாய் நட்டு, ஆன்டெனாவில் பூஸ்டர் மாட்டி, இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துப் பார்ப்பார்கள். காற்றடித்தால் ஒருவர் மாடியில் ஏறிக் குழாயைத் திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து "வந்துட்டு, வந்துட்டு, விடு" என்று கத்துவார். அப்பா கேசட்டும் டெக்கும் வாடகைக்கு விட்டார். கல்யாண வீடு, கோயில் கொடை என்றால் டி.வி.யையும் சேர்த்துக் கொண்டுபோய் வைப்பார். ஒரு கட்டத்தில் கடையில் டெக்கை ஓடவிட்டு, பக்கத்து வீடுகளுக்கு வயர் இழுத்தார். எங்கள் தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது.

1991-ல் ஸ்டார் டி.வி. வந்தது. பெரிய வட்டத் தட்டு ஒன்று லாரியில் வந்து எங்கள் மாடியில் ஏறியது. 1993 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள் சன் டி.வி. தொடங்கியபோது நாளுக்குச் சில மணி நேரம்தான் நிகழ்ச்சி. அந்தச் சில மணி நேரத்துக்காகத் தெருத்தெருவாக வீடுகள் எங்களைத் தேடி வந்தன. 1995-ல் கேபிள் டி.வி. சட்டம் வந்தது. தலைமைத் தபால் நிலையத்தில் ஐந்நூறு ரூபாய் கட்டிப் பதிவுசெய்து, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. முதல் சான்றிதழை அப்பா சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். வயர் இழுப்பவன் என்று ஊர் பேசிய தொழிலுக்கு அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறதே என்ற சந்தோஷம் அவருக்கு.

நான் தொழிலுக்குள் வந்தது உள்ளூர்ச் சேனல் வழியாக. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த தப்பின் வேர் இந்தப் பிரியத்தில்தான் இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்து, பூப்புனித நீராட்டு விழா, கடைத் திறப்பு, குடிநீர் வராத தெரு, எல்லாம் எங்கள் சேனலில் வரும். ஆனால் நான் அந்த வேலைக்கு உயிரைக் கொடுத்தது ஆடித்தபசுக்காக. அம்பாள் ஒற்றைக்காலில் தவம் இருந்து, சங்கரநாராயணராகக் காட்சி கிடைக்கும் அந்த நாளில், விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்த பருத்தியையும் மிளகாயையும் கூட்டத்தின் மேலே சப்பரத்தை நோக்கி வீசுவார்கள். நாங்கள் ரத வீதியில் ஒரு வீட்டு மாடியில் கேமராவை வைத்து நேரலையாகக் காட்டுவோம். படுத்த படுக்கையாக இருந்த பெரியவர்கள் கட்டிலில் இருந்தபடியே கைகூப்பியதை அவர்கள் பிள்ளைகள் வந்து சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகு, நாங்கள் ஊருக்குக் கொடுப்பது படம்தான், வயர் அதைக் கொண்டுபோகிற சாதனம் மட்டும்தான் என்று என் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

நடுவில் எத்தனையோ வந்தன. டி.டி.எச். தட்டுகள் மாடிகளில் முளைத்தன. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. எல்லாவற்றிலும் இணைப்புகள் கொஞ்சம் குறையும், கொஞ்சம் திரும்பும். இதுவும் அப்படித்தான் போகும் என்று இருந்தோம்.

தம்பியின் மாமனார் வீடு புனலூர். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக அடிக்கடி போய்வருவான். அங்கே கேபிள்காரர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு வந்துதான் பேச்சை எடுத்தான். கேரளத்தில் சிறிய ஆபரேட்டர்கள் ஒன்றுசேர்ந்து, தாங்களே பங்குதாரர்களாகக் கம்பெனி வைத்து, கேரளா விஷன் என்ற பெயரில் டி.வி.யும் இன்டர்நெட்டும் கொடுக்கிறார்கள். நம்மைப் போல வீட்டுக்கு வீடு போய் வசூல் செய்கிற ஆட்கள்தான்.

"அண்ணே, நம்ம கோஆக்ஸியல் வயருல நெட்டு ஓட்டுறது கஷ்டம். ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒருவழிப் பாதை. தெருவுக்குத் தெரு கரண்டு வேற வேணும். ஃபைபர்னா நடுவுல கரண்டே வேண்டாம்" என்றான்.

நோட்டில் படம் போட்டுக் காட்டினான். கன்ட்ரோல் ரூமிலிருந்து கிளம்பும் ஒரே ஃபைபர், கண்மாய் மடையிலிருந்து வாய்க்கால்கள் பிரிவதுபோல ஸ்பிளிட்டரில் பிரிந்து பிரிந்து, ஒரு போர்ட்டிலிருந்து 64 வீடுகள் வரை போகும். 20 கிலோமீட்டர் தூரம்வரை தாங்கும். முடியளவுள்ள அந்த ஒரே இழையில் 1550 நானோமீட்டரில் நம் டி.வி. போகும், 1490-ல் நெட் வீட்டுக்கு இறங்கும், 1310-ல் வீட்டிலிருந்து மேலே ஏறும். மூன்று வெளிச்சமும் ஒன்றோடு ஒன்று மோதாது. அதாவது, சேனலை விட வேண்டியதே இல்லை. இதைத்தான் அவன் எனக்காகத் தனியாக அடிக்கோடிட்டுக் காட்டினான். நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். மனதில் வாங்கவில்லை.

என் பதில் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்திருந்தது. முதலில் நாளுக்கு 4 ஜி.பி., பிறகு 1 ஜி.பி., 2017 மார்ச் வரை எல்லாம் இலவசம். "கையில இருக்கிற போனுக்கே சும்மா நெட்டு வருது. வயருக்கு எவன்டா காசு கொடுப்பான்?" என்று கேட்டேன். அப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை. தம்பியிடம் இருந்தது: "பழக்கம்தான் இப்ப சும்மா கொடுக்காங்கண்ணே. பழகினவனுக்கு அது பத்தாது. வீட்டுல எல்லாருக்கும் சேர்த்துக் கேப்பான்." நான் அதைப் பாதியில் வெட்டினேன்.

ஜியோ ஒரு காரணம்தான். அது இல்லாவிட்டாலும் வேறொன்றைத் தேடியிருப்பேன். அந்தப் பணத்தில் எனக்குப் புதுக் கேமராவும் நாலு கேமராவை மாற்றி மாற்றிக் காட்டுகிற வீடியோ மிக்சரும் வேண்டியிருந்தது. அந்த வருஷத் தபசை நாலு கோணத்தில் காட்ட வேண்டும் என்று ஆசை. மூத்தவன் சொன்னால் அப்பா மறுக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். கேமரா வந்தது. தபசு ஒளிபரப்பு நன்றாகவே இருந்தது. தம்பி அந்த நேரலையில் என்னோடு நின்று கேபிள் சுருட்டிக் கொடுத்தான். அடுத்த மாதம் தென்காசியில் ஓர் இன்டர்நெட் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, மனைவி குழந்தையோடு அங்கேயே குடிபோய்விட்டான். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் மூத்த லைன்மேனும், அப்பாவோடு முதல் தட்டை மாடியில் ஏற்றியவர், கொஞ்ச காலத்தில் ஊருக்குப் புதிதாக வந்த வேறொரு ஃபைபர் கம்பெனிக்குப் போனார்.

2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்து, நூறு சேனலுக்கு அடிப்படைக் கட்டணமே 130 ரூபாய், வரியோடு 153 என்று ஆனபோது இணைப்புகள் வேகமாக விழ ஆரம்பித்தன. கட்டணம்தான் காரணம் என்று நான் நம்பினேன்.

2020-ல் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்த பிறகு வசூலுக்குப் போனேன். கிழக்கே, தம்பி முதலில் கேட்ட நாலு தெருக்களில் ஒன்று. டீச்சர் வீடு. அப்பா காலத்து இணைப்பு. டீச்சர் வாசலிலேயே நிறுத்தி, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணாச்சி, கேபிளைக் கட் பண்ணிடுங்களேன். ரெண்டு பிள்ளைகளுக்கும் ஆன்லைன் கிளாஸ். நெட்டு போட்டாச்சு. ரெண்டுக்கும் பணம் கட்ட முடியல."

கல்வித் தொலைக்காட்சி நம் கேபிளில்தானே வருகிறது என்றேன்.

"அது யூடியூப்லயே வருது அண்ணாச்சி."

பிறகு, குறையாக இல்லாமல், விசாரிக்கிற குரலில் கேட்டார்: "உங்ககிட்டயே கேட்கணும்னு இருந்தேன். நம்ம வீட்டுக்குத்தான் உங்க வயர் இத்தனை வருஷமா இருக்கே, அதுலயே நெட்டு தரக் கூடாதா?"

செய்யலாம் டீச்சர், பார்க்கிறோம் என்று ஏதோ சொல்லிவிட்டு, கட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

வெயில். மாடியில் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. மின்கம்பத்துப் பக்கமிருந்து எங்கள் கறுப்பு வயர், தாங்குகம்பியோடு சேர்ந்து வந்து, கைப்பிடிச் சுவரில் ஒரு சுற்றுச் சுற்றி, சன்ஷேடுக்குக் கீழே இறங்கி ஜன்னலோரத் துளைக்குள் போகிறது. எத்தனையோ வீடுகளில் பார்த்ததுதான். கட்டரை வைக்கப் போகும்போதுதான் எங்கள் வயரோடு இன்னொன்று ஒட்டி வருவது கண்ணில் பட்டது. மெல்லிய ஃபைபர் கேபிள். கம்பத்திலிருந்து மாடிவரை, எங்கள் வயரின் மேலேயே, முழத்துக்கு ஒரு டை போட்டுக் கட்டியிருந்தார்கள். அதற்கென்று தனித் தாங்குகம்பி கிடையாது. சுவரில் தனி ஆணி கிடையாது. எங்கள் வயர் இறங்கிய வழியிலேயே இறங்கி, அப்பா தொண்ணூறுகளில் துளை போடவைத்த அதே துளைக்குள் போயிருந்தது.

துளைக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு கேபிளும் கீழ்நோக்கி ஒரு வளையம் தொங்கி, பிறகு மேலேறி உள்ளே போயின. மழைத்தண்ணீர் வயர் வழியாகச் சுவருக்குள் போகாமல் அந்த வளையத்தில் சொட்டிவிடும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மூத்த லைன்மேன். வளையத்தை இரண்டு விரல் அகலம் கூடுதலாகவே விடுவார். இதிலும் அதே அளவுதான் இருந்தது. அவர்தான் வந்து போட்டிருக்கிறார்.

நான் எங்கள் வயரை அறுத்தால், அந்த ஃபைபரும் தாங்கலில்லாமல் தெருவுக்குக் குறுக்கே தொங்கிவிடும். ஒரு லாரி போனால் போதும். கீழே அறையில் ஒரு ஆசிரியை போனுக்குள்ளிருந்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதும், டீச்சரின் சின்னப் பிள்ளை திருப்பிச் சொல்வதும் கேட்டது. கட்டரை எங்கே வைத்தாலும் அந்தக் குரல் நிற்கும்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. சேனல் எதையும் நாங்கள் உண்டாக்கியதில்லை, எங்கள் உள்ளூர்ச் சேனலைத் தவிர. இந்தக் கம்பத்தில் ஏறுகிற உரிமை, இந்தச் சுவரில் ஒரு துளை, இந்த வீட்டுப் பெண் தயங்காமல் உள்ளே விடுகிற ஒரு முகம், மாதம் ஒருமுறை கார்டில் கையெழுத்து: அப்பா முப்பது வருஷமாகச் சேர்த்தது இவ்வளவும். அதை மற்றவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தம்பி எல்லாருக்கும் முன்பே கண்டுபிடித்து, நோட்டில் வரைந்து, அடிக்கோடிட்டு என் முன்னால் வைத்திருந்தான்.

வயரை அறுக்காமல் இறங்கி வந்தேன். கீழே டி.வி. பெட்டியின் பின்னால் கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டு, கணக்கை முடித்துக் கொடுத்தேன்.

அந்த வருஷம் கேபிள் தொழில் செய்தவர்களைப் பற்றி நிறையப் படித்தேன். அமெரிக்காவில் ரால்ஃப் ராபர்ட்ஸ் என்பவர் 1963-ல் மிசிசிப்பி மாநிலத்தின் டுபலோ என்ற சிற்றூரில் 1,200 இணைப்புகளோடு ஒரு கேபிள் நிறுவனத்தை வாங்கினார். அதற்கு முன் அவர் செய்தது பெல்ட் வியாபாரம். அதுதான் காம்காஸ்ட் ஆனது. 2015-ல் அவர்களிடம் டி.வி. இணைப்பைவிட இன்டர்நெட் இணைப்பு அதிகமாகிவிட்டது. அப்போது நிறுவனத்தை நடத்தியவர் அவர் மகன் பிரையன். 1,200 என்ற எண்ணைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் ஊரிலேயே அந்த அளவு கையில் வைத்திருந்த ஆபரேட்டர்கள் உண்டு.

என்னை அதிகம் உறுத்தியது கிரஹாம் குடும்பத்தின் கதை. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அவர்களுடையது. 1986-ல் 35 கோடி டாலருக்குச் சிற்றூர்களின் கேபிள் இணைப்புகளை வாங்கினார்கள். 2013-ல் பத்திரிகையை ஜெஃப் பெசோஸுக்கு 25 கோடி டாலருக்கு விற்றார்கள். கேபிள் நிறுவனம் கேபிள் ஒன் என்ற பெயரில் 2015-ல் தனிக் கம்பெனியாகப் பிரிந்து, டி.வி.யைப் பின்னுக்குத் தள்ளி இன்டர்நெட்டை முன்னே வைத்தது. தலைமுறைகளாக நேசித்த பத்திரிகையைக் கைவிட்ட அந்த வீட்டில் எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. என்னிடம் தம்பி எதையும் கைவிடச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே இழையில் போகும் என்றுதான் சொன்னான்.

தென்காசிக்குப் போனேன். தம்பி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த நாலு தெருவையும் மறந்துவிடு, அங்கே மூன்று கம்பெனி உள்ளே வந்தாயிற்று, புதிதாக வீடு கட்டுகிற பக்கம் பார்ப்போம் என்றான். இரண்டு நிபந்தனை போட்டான்: நெட் கணக்கு அவன் பொறுப்பு, அப்பா கேட்டாலும் நான் குறுக்கே பேசக் கூடாது. ஒப்புக்கொண்டேன். ஓர் இன்டர்நெட் நிறுவனத்தின் கீழே ஃபிரான்சைஸ் எடுத்து நடத்துகிறோம். பழைய இணைப்புகளில் பெரும்பாலானவை திரும்பவில்லை. தம்பி இன்னமும் தென்காசியிலிருந்துதான் வந்துபோகிறான். வீட்டுக்கே திரும்பி வா என்று அம்மா சொன்னபோது பிள்ளையின் பள்ளிக்கூடத்தைக் காரணம் சொன்னான்.

மூத்த லைன்மேனைத் தேடிப் போய்க் கூப்பிட்டேன். டீக்கடையில் என்னை உட்காரவைத்து, அவரே காசு கொடுத்தார். அப்பாவின் உடம்பைப் பற்றி விசாரித்தார். "வாரதுக்கு ஆசைதான் தம்பி. ஆனா அங்க பி.எஃப். பிடிக்காங்க. வீட்டுக்காரிக்கு இ.எஸ்.ஐ.லதான் ஆபரேஷன் பார்த்தாச்சு" என்றார். எங்களிடம் இருந்த அத்தனை வருஷத்தில் அவருக்கு நாங்கள் பி.எஃப். கட்டியதில்லை. தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தோம், அவசரத்துக்குக் கடன் கொடுத்தோம், அதோடு சரி. தம்பியிடம் இதைச் சொன்னேன். இப்போது எங்களிடம் வேலை பார்க்கும் பையன்களுக்கு பி.எஃப். கட்ட என்ன செய்ய வேண்டும் என்று ஆடிட்டரிடம் கேட்டுவரச் சொன்னான்.