தொட்டிலைக் காத்த நாய்

மனிதனோடு இத்தனை காலம் ஒட்டி வாழ்ந்த விலங்கு நாயைப்போல் வேறொன்றில்லை. நம் வாயிற்படியில் படுத்து, வீட்டார் ஒவ்வொருவரின் காலடி ஓசையையும் அறிந்து, நாம் காணாத ஏதோ ஒன்றை இருளில் கண்டு குரைக்கும் இப்பிராணியைப் பற்றி உலகெங்கும் மக்கள் விந்தைக் கதைகளைப் புனைந்துள்ளனர். கிரேக்கர் கீழுலகின் வாயிலில் கெர்பரோஸ் என்னும் மூன்று தலை நாயை நிறுத்தினர். யமனுடைய வழியை நான்கு கண்களுடைய இரு நாய்கள் காப்பதாக ரிக் வேதம் கூறுகிறது. இங்கிலாந்தின் பங்கே என்னும் ஊரில், 1577-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் பெரும்புயல் வீசியபோது, கரிய நாயொன்று கோவிலுக்குள் பாய்ந்து செபித்துக் கொண்டிருந்தோரைக் கொன்றதாக அக்காலத்துச் சிறுநூலொன்று அறிவித்தது.

இவையெல்லாம் அச்சத்தில் பிறந்த நாய்கள். கண்ணீரில் பிறந்த நாய் ஒன்றும் உண்டு. அதனைப் பற்றியே இங்கு நம் குடும்பத்தினரோடு சிறிது சிந்திக்க விழைகிறோம்.

பிரான்சு நாட்டின் லியோன் மறைமாவட்டத்தில், 13-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எத்தியேன் தெ பூர்போன் என்னும் துறவி மறையுரை ஆற்றி வந்தார். அவர் புனித சாமிநாதர் சபையைச் சேர்ந்தவர். பாவசங்கீர்த்தனம் செய்ய வந்த பெண்கள் பலர், தங்கள் குழந்தைகளைப் புனித கின்ஃபோரிடம் எடுத்துச் சென்றதாக அவரிடம் கூறினர். யார் இந்தப் புனிதர் என்று வினவியவருக்குக் கிடைத்த விடை திகைப்பூட்டியது. கின்ஃபோர் ஒரு வேட்டைநாய்!

மக்கள் சொன்ன கதை இது. ஒரு கோட்டையின் தலைவனும் அவன் மனைவியும் வெளியே சென்றிருந்தனர், செவிலியும் அகன்றிருந்தாள். தனித்திருந்த குழந்தையை நோக்கி ஒரு பெரும்பாம்பு ஊர்ந்து வந்தது. வீட்டு நாய் அதனோடு போராடிக் கொன்றது. போராட்டத்தில் தொட்டில் கவிழ்ந்தது. எங்கும் குருதி சிதறியது. திரும்பி வந்த செவிலி நாயின் வாயில் இரத்தத்தைக் கண்டு அலறினாள், தாயும் அலறினாள், தந்தை வாளை உருவி நாயை வெட்டி வீழ்த்தினான். பின்னரே தொட்டிலை நிமிர்த்திப் பார்த்தனர். குழந்தை இனிதே உறங்கிக் கொண்டிருந்தது. அருகில் பாம்பு துண்டுபட்டுக் கிடந்தது. மனம் நொந்து, நாயைக் கோட்டை வாயிலுக்கு எதிரிலிருந்த கிணற்றில் இட்டு, கற்களைக் குவித்து, நினைவாக மரங்களையும் நட்டனர்.

இக்கதை நம்மவர்க்குப் புதியதன்று. நாய்க்குப் பதில் கீரிப்பிள்ளையை வைத்துப் பஞ்சதந்திரம் இதையே கூறுகிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணின் துயரைத் தன் பொருளால் துடைத்து, பிரிந்து சென்ற கணவனோடு அவளைச் சேர்த்து வைத்தவன் கோவலன். வேல்சு நாட்டின் பெத்கெலர்ட் ஊரிலும், இளவரசன் லெவலினுடைய நாயான கெலர்ட்டின் கல்லறை காட்டப்படுகிறது. அங்கே பாம்புக்குப் பதில் ஓநாய். எத்தனையோ மொழிகளில் இக்கதை வழங்குவதேன்? ஆராயாமல் கை ஓங்கிய பின்னர் வருந்தாத குடும்பம் எந்நாட்டிலும் இல்லை என்பதனாலன்றோ!

ஆயின் லியோனில் கதை அத்துடன் நிற்கவில்லை. கோட்டை அழிந்தது, மரங்கள் வளர்ந்து சோலையாயின. குற்றமின்றி மாண்ட நாயை மக்கள் வேதசாட்சியாகக் கருதினர். குழந்தையைக் காத்தது நம் குழந்தையையும் காக்கும் என்று நோயுற்ற சிசுக்களோடு தாய்மார் அங்கே வந்தனர். உப்பைக் காணிக்கையாக வைத்து, குழந்தையின் துணிகளைப் புதர்களில் தொங்கவிட்டு, இரு மரங்களுக்கிடையே குழந்தையை ஒன்பது முறை கைமாற்றினர். நோய்க் குழந்தை வன ஆவிகள் மாற்றி வைத்தது என்றும், அவை தம் குழந்தையை மீட்டுத் தரும் என்றும் நம்பினர். பிறகு குழந்தையை ஆடையின்றி மரத்தடியில் கிடத்தி, இரு மெழுகுதிரிகளை ஏற்றி, அவை எரிந்து தீரும்வரை கண்ணுக்கெட்டாத தொலைவில் நின்றனர். திரி சரிந்து தீப்பட்டு இறந்த குழந்தைகளும் உண்டு என்று அத்துறவி எழுதியுள்ளார்.

இதைக் கேட்டு அத்தாய்மாரை இகழ நமக்கு மனம் வரவில்லை. மருத்துவர் வாராத நள்ளிரவில், காய்ச்சலில் பிதற்றும் மகவின் நெற்றியில் ஈரத்துணி இட்டவாறு விடியலை எதிர்பார்த்திருந்த பெற்றோருள் நாமும் ஒருவர். அவ்வேளையில் ஒருவர் கயிறு கட்டச் சொல்வார். மற்றொருவர் கழிப்புக் கழிக்கச் சொல்வார். எதற்கும் தலையசைக்கத் துணியும் பலவீனம் அந்த இரவுக்கு உண்டு. அறியாமையைவிடத் தனிமையே மனிதரை மூடநம்பிக்கையிடம் தள்ளுகிறது என்பது நாம் கண்ட உண்மை.

துறவியின் குறிப்பில் ஒரு தாய் வருகிறாள். சடங்கின்படி குழந்தையை விட்டு அகன்றவள், காட்டிலிருந்து ஓர் ஓநாய் குழந்தையை நோக்கி வருவதைக் கண்டாள். தாயன்பு உந்த, திரும்பி ஓடிவந்து குழந்தையைக் காத்தாள். பார்க்காதே என்றது சடங்கு. பார்க்கச் சொன்னது தாயுள்ளம். கோட்டைத் தலைவன் தொட்டிலைப் பாராமல் வாளை எடுத்தான். இவளோ பார்த்ததனால் தன் குழந்தையைப் பெற்றாள். இறைவன் அன்று அவளுள் பேசினார் என்றே நாம் நம்புகிறோம்.

எத்தியேன் மக்களைக் கூட்டி மறையுரை ஆற்றினார். நாயின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, சோலையையும் வெட்டி எரிக்கச் செய்தார். இனி அங்குச் செல்வோரின் உடைமைகள் பறிக்கப்படும் என்று ஆணையும் பிறந்தது. சிசுக்கள் மாள்வதைத் தடுத்தது நற்செயலே. எனினும் 19-ஆம் நூற்றாண்டிலும் தாய்மார் அவ்விடத்தை நாடி வந்தனர் என்று ஆராய்ந்தோர் கண்டனர். மரங்களை எரித்தவர்களால் தாய்மாரின் அச்சத்தை எரிக்க இயலவில்லை. அதற்குத் தொட்டிலருகே வந்து அமரும் துணை வேண்டியிருந்தது.

புனித தொன் போஸ்கோவின் வாழ்விலும் விந்தை நாயொன்று வருகிறது. தூரின் நகரில் பகைவர் அவரைத் தாக்க முயன்ற நாள்களில், கிரிஜோ என்னும் சாம்பல் நிற நாய் எங்கிருந்தோ வந்து அவரைக் காத்தது. ஒருநாள் மாலை அவர் வெளியேறாதபடி வாயிலில் குறுக்கே படுத்துக்கொண்டது. நாயின் சொல்லையாவது கேள் என்றார் அவருடைய அன்னை மார்கரீத்தா. சிறிது நேரத்தில், கொலைஞர் பதுங்கியிருக்கும் செய்தியோடு அண்டை வீட்டார் வந்து சேர்ந்தார். அந்நாய் எங்கிருந்து வந்தது என்பதைத் தொன் போஸ்கோ இறுதிவரை அறியவில்லை. அதை வானதூதர் என்றால் நகைப்பர், சாதாரண நாய் என்றும் சொல்வதற்கில்லை என்பதே அவர் கருத்து. அதற்கு அவர் கோவில் எழுப்பவில்லை; வந்த உதவிக்கு இறைவனுக்கு நன்றி கூறித் தம் சிறுவரிடம் திரும்பினார்.

நம் பங்கிலும் நோயுற்ற குழந்தையோடு எங்கெங்கோ அலையும் பெற்றோர் இருப்பர். அவர்களைக் கண்டிக்கு முன், அவ்வீட்டுத் தொட்டிலருகே நாம் ஓர் இரவேனும் விழித்திருந்தோமா? மருத்துவமனைக்கு உடன் சென்றோமா? குடும்பச் செபத்தில் அக்குழந்தையின் பெயரைச் சொன்னோமா? நம் தெருவில் எந்த வீட்டில் குழந்தை நோயுற்றிருக்கிறது என்பதை இன்று மாலையே விசாரித்தறிவோம்.