25.3-க்குப் பதிலா 27.4

ரிசர்ச் லேப் என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி கலர் கலராகப் புகை வரும் என்று நினைத்துத்தான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குப் போனேன். அங்கே இருந்தது ஒரு மேக்னடிக் ஸ்டிரர், ஒரு ஹாட் ஏர் அவன், மூலையில் ஒரு பழைய மஃபிள் ஃபர்னஸ்.

டைட்டானியம் டை ஆக்சைடு பொடி தயாரிப்பதுதான் வேலை. ஜெல்லாக்கி, காயவைத்து, அகேட் உரலில் அரைத்து, கடைசியாக 450 டிகிரியில் சுட வேண்டும். அப்போதுதான் அனடேஸ் என்ற படிக வடிவம் கிடைக்கும். புற ஊதா ஒளியில் சாயத்தைச் சிதைக்க எங்களுக்கு அதுதான் வேண்டும். சூடு ரொம்ப ஏறினால் ரூட்டைலாக மாறிவிடும். சோறு திரும்ப அரிசி ஆகாத மாதிரி, ஆறினாலும் பழைய வடிவம் வராது.

அன்றைக்கு ஸ்காலர் அக்கா, "என்னோடதும் 450தான், சேர்த்து வச்சிடுப்பா" என்று தன் சாம்பிளையும் கொடுத்தாங்க. மெஸ் மூடுகிற நேரம். குரூசிபிள்களை உள்ளே வைத்து, சுவிட்சைப் போட்டு, லாக் புக்கில் "450, 3 மணி நேரம்" என்று எழுதிவிட்டு ஓடினேன்.

மறுநாள் பொடி வெள்ளையாகத்தான் இருந்தது. அரைக்கும்போது மட்டும் கொஞ்சம் கெட்டியா இருந்தது, நான் கண்டுக்கல. எக்ஸ்ஆர்டி-க்குப் பத்து நாள் காத்திருந்து ரிசல்ட் வாங்கினால், 25.3 டிகிரியில் வர வேண்டிய அனடேஸ் பீக் இல்லவே இல்லை. 27.4-இல் ரூட்டைல் பீக் நெட்டையாக நின்றது.

"எவ்வளவுல வச்ச?"

"450 அக்கா. லாக் புக்ல இருக்கு."

"டிஸ்ப்ளேல பார்த்தியா?"

லாக் புக்கில் என் வரிக்கு மேல் வரி, முந்தின நாள் வேறு ஒருத்தர் எழுதியது: 900. அந்த செட்டிங்கை நான் மாற்றவே இல்லை.

தெர்மோகப்பிள் மேல் பழியைப் போடலாமா என்று ஒரு நொடி தோணுச்சு. பழைய ஃபர்னஸ், எல்லாரும் நம்பியிருப்பாங்க. ஆனால் போனது என் ப்ராஜெக்ட் சாம்பிள் மட்டும் இல்லை, அக்காவோட தீசிஸ் சாம்பிளும்தான்.

"பார்க்கல அக்கா."

கொஞ்ச நேரம் அவங்க பேசல. அப்புறம் பேனாவை நீட்டி, "அழிக்காத. ஒரு கோடு போட்டு அடிச்சிட்டுப் பக்கத்துல சரியா எழுது" என்றாங்க. 450-ஐ அடித்து 900 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது.

ரெண்டு பேருக்கும் மறுபடி முதலிலிருந்து வேலை. இந்தத் தடவை டிஸ்ப்ளேயில் 450 வந்து நிற்கும் வரை ஃபர்னஸ் பக்கத்திலேயே நின்றேன். அன்றைக்கு மெஸ்ஸில் தோசை தீர்ந்துபோச்சு. பீக் 25.3-இல் வந்தது.