பிணைப்பு

கருவிகள் பழுதுபடும்போதுதான் மனிதன் அவற்றைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குகிறான். ஒழுங்காக இயங்கும் கருவியை எவரும் கவனிப்பதில்லை. அது முரண்டு பிடிக்கும் நாளிலேயே அதற்கும் ஓர் உள்ளமைப்பும் ஒரு நியாயமும் உண்டென்பது புலனாகின்றது. காரைதீவில் வாழும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவருக்கு இவ்வுண்மையை உணர்த்தியது அவர் வாங்கிய பழைய யப்பானியக் காரேயாகும்.

யப்பானில் ஓடி, பின் இலங்கைக்கு வந்த கார்கள் பலவற்றைப் போலவே அதுவும் தன் தாய்மொழியை மறவாது வந்திருந்தது. முன்பலகையிலுள்ள திரை யப்பானிய எழுத்திலேயே பேசிற்று. வானொலி 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையே செவிமடுத்தது; 108 வரை பரந்து கிடக்கும் இலங்கையின் பண்பலை ஒலிபரப்புகளிற் பெரும்பாலானவை அதற்கு எட்டவில்லை. பாட்டில்லாமலும் கார் ஓடும் என்று ஆசிரியர் அதனை விட்டுவிட்டார். கைத்தொலைபேசி அக்காருடன் இணைய மறுத்ததையும் அவ்வாறே அலட்சியம் செய்தார்.

மனைவியின் சிகிச்சைக்காக வாரந்தோறும் அம்பாறைக்குப் போய்வர வேண்டியிருந்தது. ஒருநாள் திரும்பும் வழியில், மல்வத்தையை அண்டிய வயல்வெளியினூடே வருகையில், கனடாவிலிருந்து மகள் அழைத்தாள். மடியிற் கிடந்த தொலைபேசியை எடுக்க அவர் குனிந்த கணத்தில், முன்னே நெல்மூடை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் வேகம் தணிந்தது. கார் நின்றபோது இடையே ஒரு முழமே எஞ்சியிருந்தது. மனைவி வழிநெடுகிலும் வாய் திறக்கவில்லை. படலையடியில் இறங்கும்போது மட்டும், "பிள்ளையோட வீட்ட வந்தும் கதைக்கலாம், நாம வீடு வந்து சேரணுமே" என்றார்.

அன்றிரவே ஆசிரியர் ஆய்வைத் தொடங்கினார். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவர் முப்பது ஆண்டுகள் மாணவர்க்குப் போதித்த பாடம். தம் தொலைபேசியை நண்பரின் காருடன் இணைத்தார், இணைந்தது. நண்பரின் தொலைபேசியைத் தம் காருடன் இணைக்க முயன்றார், கார் மறுத்தது. குற்றம் காரிடமே என்பது தெளிவாயிற்று. ஆயின் அதன் காரணம் யப்பானிய எழுத்துக்குள் ஒளிந்திருந்தது.

சாய்ந்தமருதிற் கடை வைத்திருந்த முஸ்லிம் இளைஞர் ஒருவர், தம் தொலைபேசியின் கமெராவைத் திரைக்கு நேரே பிடித்து அவ்வெழுத்துகளை மொழிபெயர்த்துப் பார்த்தார். ஐந்து தொலைபேசிகளை நினைவில் வைக்கவே அக்காரில் இடமிருந்தது. ஐந்து இடங்களையும் யப்பானில் யாரோ சிலரின் தொலைபேசிகள் நிறைத்திருந்தன! கடல் கடந்து கைமாறிய பின்னும் அக்கார் தன் பழைய உறவுகளுக்காக இடம் ஒதுக்கி வைத்திருந்தது. அவற்றை நீக்கியதும் புதிய தொலைபேசி தடையின்றி இணைந்தது.

இவ்விணைப்புக்கு ஆதாரமான புளூடூத், பத்தாம் நூற்றாண்டின் தென்மார்க்கு மன்னன் ஹரால்டின் பட்டப்பெயரைத் தாங்கியது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைப்பரப்பில், 79 தடங்களுக்கிடையே, செக்கனுக்கு 1600 தடவை தாவித் தாவி அது செய்தி கடத்தும். இரு கருவிகள் முதன்முறை சந்திக்கும்போது இரகசியத் திறவுகோல் ஒன்றை உருவாக்கி, இரண்டும் அதனை நினைவில் வைத்துக்கொள்கின்றன. பின்னர் ஒன்றையொன்று இனங்காண்பது அதனாலேயே.

அத்திறவுகோலின் அருமை அடுத்த மாதமே விளங்கிற்று. பற்றரியைக் கழற்றி மாட்டிய பின் தொலைபேசியில் காரின் பெயர் தெரிந்தது, இணைப்போ கிட்டவில்லை. "சேர், கார் மறந்திட்டு, போன் இன்னும் மறக்கல்ல. ரெண்டையும் மறக்கடிச்சாத்தான் புதிசாச் சேரும்" என்றார் இளைஞர். தொலைபேசியிலிருந்த பழைய பதிவை அழித்து இருபுறமும் புதிதாகத் தொடங்கியபோது பிணைப்பு மீண்டது. கூலி கேட்டபோது, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க சேர்" என்றாராம்.

காரைதீவு, 1892இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். யாழ்நூல் தந்த அவ்வடிகள் விஞ்ஞானமும் கற்றவர். 1936இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல முடியும் என்று நிறுவ உழைத்தவரின் ஊரில், ஒரு கார் யப்பானிய மொழியிலும் ஒரு தொலைபேசி ஆங்கிலத்திலும் பேச, வீட்டுப் பெண்மணி இரண்டுக்கும் புறத்தே நிற்பது ஆசிரியரை உறுத்தியது போலும். ஓர் அட்டையை எடுத்து, எந்தப் பொத்தானை முதலில் அழுத்துவது, எப்பெயரை நீக்குவது, எந்த இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது என்பவற்றைத் தமிழில் எழுதினார். 'சோடி சேர்த்தல்' என்று முதலில் எழுதியதை வெட்டிப் 'பிணைப்பு' என்று திருத்தினார்.

அவ்வட்டை இப்போது காரின் முன்பெட்டியில் இருக்கிறது. அம்பாறைப் பாதையில் மகள் அழைக்கும்போது பொத்தானை அழுத்துபவரும் பேசுபவரும் மனைவியே. ஆசிரியர் குறுக்கிடுவதில்லை, கையிற் கருவி இல்லாவிடினும் பேச்சு கவனத்தைப் பறிக்கும் என்பதை அந்த ஒரு முழ இடைவெளி அவருக்குக் கற்பித்திருந்தது. அவர் கண்கள் பாதையிலேயே நிற்கின்றன.